காத்தக்காவின் குளிர்காலம்

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் வேலைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், வாய் இருந்தால் போதும் என்பாள் காத்தக்கா. அவளுக்கு அது தாராளமாகவே இருந்தது. டாக்சி இன்னும் நின்றிருக்காது, "என்னங்க, வண்டி தூக்கத்துல நடக்கிற மாதிரி வருது? பின்னாடி இடது பக்கம் பாருங்க, காலை இழுக்குது" என்று ஆரம்பித்துவிடுவாள். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குச் சக்கரம் குந்தியபடியே நகர்வாள். வால்வு மூடியைக் கழற்றினால் வைக்கும் இடம் பல்லிடுக்கு. மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். எல்லாருக்கும் அது புரியப் பழகியிருந்தது. அடித்து முடித்ததும் விரலை நாக்கில் தொட்டு வால்வின் வாயில் எச்சில் வைப்பாள். குமிழ் வந்தால் கசிவு. வராவிட்டால் மூடியை முடுக்கிவிட்டு டயரை ஒரு தட்டுத் தட்டி, "போ, ஒழுங்கா போய்ச் சேரு" என்பாள். அது டயருக்குச் சொன்னதுதான், டிரைவருக்கு அல்ல.

நான் அந்த பங்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பில் போடும் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் இயற்பியலில். கூண்டிலிருந்து பார்த்தால் காற்று மெஷின் நேர் எதிரே தெரியும். கதவு ஒழுங்காகச் சாத்தாது, ஆகவே பேச்சும் கேட்கும்.

காத்தக்காவுக்கு முன்னால் அந்த மெஷினில் இருந்தவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், அவர் மாலையில் அடித்த காற்று விடிவதற்குள் இறங்கிவிடுகிறது என்று டாக்சிக்காரர்கள் குறைசொன்னார்கள். கண் கோளாறு என்று அவர்களே தீர்ப்பும் எழுதினார்கள். மேனேஜர் அவரை அனுப்பிவிட்டார். அவர் இடத்துக்குக் காத்தக்கா வந்தபோது குளிர் விட்டிருந்தது. வெயில் ஏற ஏற, அவள் அடித்த காற்று அப்படியே நின்றது. "கைராசிக்காரி" என்றார்கள். எதிர் பங்குக்குப் போயிருந்த டாக்சிகள் எல்லாம் திரும்பி வந்தன. அந்தப் பெரியவர் பேச்சை எடுத்தால் காத்தக்காவும் சேர்ந்துதான் சிரிப்பாள். "அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு உத்துப் பாத்தா டயரு என்ன பண்ணும்? பயந்தே பாதி இளைச்சிருக்கும்."

அவளுடைய புருஷன் கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்லுவாள். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். யாரும் அதிகம் துருவவில்லை. கோடையில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

காற்றடிக்கிறவருக்கு பங்கின் பின்னால் ஓர் அறை உண்டு. ஜெனரேட்டருக்கும் மதில் சுவருக்கும் நடுவே, கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் அளவுக்கு. வேலை இருக்கும்வரை அறை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்த அறைக்கு இன்னொருத்தி வந்தாள். காத்தக்காவின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் அவளுடைய துணிமணிகளை வாசலில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டானாம். காத்தக்கா மேனேஜரிடம் நச்சரித்து அவளுக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். எல்லாரும் அவளைச் சின்னவள் என்றோம்.

சின்னவள் விடியற்காலையில் எழுந்து தரையெல்லாம் பெருக்கி, எண்ணெய்க் கறைமேல் மரத்தூள் தூவி, கடைசியாக ஈரத்துணியால் காற்று மெஷினைத் துடைப்பாள். மீட்டர் கண்ணாடியில் மூச்சு விட்டு அழுத்தித் தேய்ப்பாள். எந்தக் கிண்டலும் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டிரைவர்கள் சிரித்து முடித்து வண்டியைக் கிளப்பிய பிறகு, துடைப்பத்தோடு நின்று தனியாகச் சிரிப்பாள். "வந்துருச்சு பார் இவளுக்கு" என்று காத்தக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

காற்றடிக்கிறவருக்கென்று பங்கில் ஒரு தடித்த கோட்டு கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு கோட்டுதான் இருவருக்கும். விடியலில் சின்னவள் மேல் இருக்கும். வெளுத்ததும் காத்தக்கா மேல் ஏறிவிடும்.

பிறகு அந்த வருஷக் குளிர் வந்தது. மதியம் சட்டை நனைய வியர்க்கும். விடியலில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். நாள் முழுக்க ஓடிச் சூடேறிய டயரில் காத்தக்கா மாலையில் முப்பத்திரண்டு பவுண்டு வைப்பாள். ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். டயரில் ஓட்டையே இல்லாவிட்டாலும் காலையில் மீட்டர் இருபத்தாறுதான் காட்டும். எதிர் பங்கில் காற்றடிக்கிறவன் காலையில் மட்டும் வருகிறவன். குளிர்ந்த டயரில் அவன் அளவாக வைப்பான், வண்டி ஓட ஓட அது ஏறத்தான் செய்யும். ஆக அவன் அடித்த காற்று நிற்கிறது, இவள் அடித்தது நிற்பதில்லை. டாக்சிக்காரர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

முதலில் வாயைத் திறந்தவன் கூலிங்கிளாஸ். மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத டிரைவர் அவன். பங்கை ஒட்டிய டாக்சி ஸ்டாண்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"என்னக்கா, நேத்து சாயங்காலம்தானே அடிச்சே? காலையில சவாரியை ஏத்திட்டுப் போறேன், ஸ்டீயரிங் பன்னு மாதிரி அமுங்குது."

"உன் டயரு தேஞ்சு வழுக்கையாயிருச்சு. என்னைக் கேட்டா?"

"எனக்கு வழுக்கை. மாமா வண்டியில புது டயரு. அதுக்கு என்ன சொல்றே?"

மாமா என்று ஸ்டாண்டே கூப்பிடும் வயதான டிரைவர் தர்மசங்கடமாகத் தலையை ஆட்டினார். "எனக்கும் இறங்கித்தாம்மா கிடந்துச்சு."

"எச்சில் வெக்கிறா பாரு, அங்கேதான் கோளாறு" என்றான் ஒருவன்.

"எச்சில் என்ன பண்ணும்? கை சரியில்ல" என்றான் கூலிங்கிளாஸ். "இவ கையில காத்தும் நிக்காது, புருஷனும் நிக்க மாட்டான். ஒருத்தன் கப்பல்ல ஏறிட்டான், இன்னொண்ணு வால்வு வழியா இறங்கிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு சின்னவளும் சிரித்தாள். காத்தக்கா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பல்லிடுக்கில் இருந்த மூடியை எடுத்து வால்வில் முடுக்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை மதியம் இறுக்கி மூடி வெளியே வைத்தேன். மறுநாள் விடியலில் அது ஒரு பக்கம் நசுங்கி, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் இதைத் தொடவில்லை, ஓட்டையும் இல்லை, குளிர்ந்தால் காற்று சுருங்கும், டயரிலும் இதேதான் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

கூலிங்கிளாஸ் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தம்பி படிச்சவரு, சரியாத்தான் சொல்வாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தப் பாட்டில் தண்ணியைக் குடிச்சது யாரு?"

"காத்தக்காதான். ஏன்?"

"அவ்வளவுதான், போதும்" என்று பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்டாண்டில் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

ஆனால் காத்தக்காவுக்கு நான் சொன்னது முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. "அப்ப சாயங்காலம் நாலு பவுண்டு கூட வெச்சுட்டா காலையில சரியா நிக்குமில்ல தம்பி?" என்று கேட்டாள். அப்படியே வைத்தும் பார்த்தாள். மூன்றாவது வண்டியே கூலிங்கிளாஸினுடையது. அவன் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டான்.

"முப்பத்தாறா? யோவ், எல்லாரும் வாங்கய்யா! காத்து நிக்க வெக்கத் தெரியாதவ, வெடிக்க வெச்சாவது பேரு வாங்கலாம்னு பாக்கறா!"

காலையில் வந்தால் அளவாக வைத்துத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். முதல் சவாரி நேரத்தில் எவன் நிற்பான்? அப்படி நிற்பதாக இருந்தால் எதிர் பங்கிலேயே நிற்கிறோம் என்றார்கள். நின்றார்கள். காற்றடிக்கப் போனவர்கள் அங்கேயே டேங்கையும் நிரப்பிக்கொண்டார்கள்.

மேனேஜரிடம் நான் பேசினேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, நான் இந்தத் தொழில்ல நரைச்சவன். குளிர்ல காத்து இறங்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ நீங்களே அவங்ககிட்ட எடுத்துச் சொல்லலாமே சார்."

"சொன்னா? 'அப்படியா சார், தப்பா நினைச்சுட்டோம்'னு திரும்பி வருவானுங்களா? ஆளை மாத்தினா வருவானுங்க. தான் சொன்னது நடந்துச்சுன்னு ஒரு திருப்தி. போன வருஷம் வரலையா?"

"புது ஆள் அடிச்சாலும் இறங்கத்தானே செய்யும்?"

"புது ஆளைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள குளிர் ஓடிரும்" என்று அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும்.

கதவுக்கு வெளியே காத்தக்கா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "காதுல விழுந்துச்சா? நல்லதாப் போச்சு, தனியா சொல்ல வேண்டாம். இந்த மாசத்தோட முடிச்சுக்க. அறையையும் காலி பண்ணிரும்மா."

அவள் சுருட்டுவதை நிறுத்தவில்லை. குழாய் முழுதும் வளையமாகி ஆணியில் ஏறிய பிறகுதான் நிமிர்ந்தாள். அன்று மாலை கூண்டுக்கு வந்து ஜன்னலில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி, வெயில் வந்தா காத்து தானா நிக்கும்னு சொன்னீங்களே. நிச்சயமா?"

"நிச்சயம்க்கா. அதுல மாற்றமே கிடையாது."

"இந்தக் குளிர் எப்ப விடும்?"

போனை எடுத்து வானிலை பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இப்படித்தான். திங்கள்லேருந்து நல்லா ஏறுது. ராத்திரியும் குளிராது."

"சரியாப் பாத்தீங்களா? திரும்ப ஒரு தடவை பாருங்க."

பார்த்தேன். அதேதான் போட்டிருந்தது. "நீங்க படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கு தம்பி" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பதில் பேசவில்லை. கூலிங்கிளாஸ் என்ன சொன்னாலும் மூடியைக் கடித்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று சின்னவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்ரோலுக்கு ஆறேழு டாக்சிகள் வரிசையில் நின்றன. கூலிங்கிளாஸ் முதல் ஆள்.

"அக்கா, இன்னைக்கு அடிக்கிறது எத்தனை மணிக்கு இறங்கும்? சொன்னீன்னா அலாரம் வெச்சுக்கறேன்."

காத்தக்கா வாயிலிருந்த மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் கை மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா? சாயங்காலம் நான் அடிக்கிறேன், சரி. விடியக்காலையில இந்த மெஷினைத் தொட்டுத் தடவித் தொடைக்கிறது யாரு? என்னைக்காவது யோசிச்சீங்களா?"

"யாரு?" என்றார் மாமா.

"என் வாயால சொல்லக் கூடாது. கூடப் பிறந்த பாவம்."

எல்லாத் தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின. அவள் தூணோரம் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கோடை பூரா என் காத்து நின்னுச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க மாமா. கைராசிக்காரின்னு சொன்னது யாரு? நீங்கதானே? அப்ப இவ இருந்தாளா இங்கே? இவ எப்ப வந்தா? மழை விட்ட பிறகு வந்தா. காத்து எப்பலேருந்து இறங்குது? கணக்குப் போட்டுப் பாருங்க. புருஷன் தூக்கி வாசல்ல போட்ட கை அது. வாழாவெட்டி கை. காலங்காத்தால முதல் கை அதுதான் இந்த மெஷின்ல படுது. நான் என்ன அடிச்சு என்ன?"

யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் சின்னவள் சிரித்தாள். அக்கா ஏதோ கிண்டல் செய்கிறாள், தனக்கு வழக்கம்போலத் தாமதமாகிறது என்று நினைத்துவிட்டாள். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை என்று தெரிய அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"அதானே பார்த்தேன்!" என்றான் கூலிங்கிளாஸ். "கோடையில நல்லாத்தானே இருந்துச்சுன்னு நானும் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்." மாமா உச்சுக்கொட்டினார். பின் வரிசைக்காரன் ஒருவன் சின்னவளைப் பார்த்துக் கொஞ்சம் கோபமாகவே கேட்டான், "ஏம்மா, அந்த வீட்டைக் கெடுத்தது பத்தாதா?"

மேனேஜர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வரிசையையும் முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரிம்மா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் சின்னவளிடம். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." உள்ளே வந்து என்னிடம், "பரவாயில்லையே, ஆள் தேடுற வேலை மிச்சம்" என்றார். தோள்கள் குலுங்கின.

மறுநாள் விடியலில் சின்னவள் பையோடு வந்தாள். வழக்கம்போல கோட்டு அவள் மேல் இருந்தது. காத்தக்கா மெஷினருகே நின்றிருந்தாள்.

"கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போ."

"குளிருதுக்கா. பஸ் வர்ற வரைக்கும் போட்டுக்கறேன். கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பறேன்."

"பங்க் கோட்டு அது. காத்தடிக்கிறவளுக்குக் குடுத்தது."

சின்னவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். பொத்தான்களைப் போட்டு, கைகளை உள்ளே மடித்து, கடையில் வைப்பது போலச் சதுரமாக்கினாள். மெஷின் மேல் வைக்கப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். "வரேன்க்கா" என்றாள். காத்தக்கா மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் போன பிறகு நான் கூண்டை விட்டு இறங்கி வந்தேன். "இது பொய்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்க்கா."

"தெரியாம என்ன? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." கோட்டைத் தரையிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். "அந்த அறையில ரெண்டு பேர் இருந்தோம். நான் போனா ரெண்டு பேரும் தெருவுல. அவ போனா ஒருத்திதான். நீங்க படிச்சவரு, கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"அது கணக்கில்லைக்கா."

"பின்னே என்ன? உங்களுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும் தம்பி. போங்க, பில் போடுங்க."

அன்று மதியம் வெயில் ஏறியது. ராத்திரியும் குளிரவில்லை. நான் சொன்னது இம்மி பிசகாமல் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை கூலிங்கிளாஸ் தன் வண்டியின் நான்கு சக்கரங்களையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு ஹாரனை நீளமாக அடித்தான். "நின்னுருச்சுய்யா! ஒரு ராத்திரியில! நான் அப்பவே சொல்லலை?" எதிர் பங்குக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சிலர் காத்தக்காவிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். கூடப் பிறந்தவள் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னாள் என்று அவள் மேல் மரியாதை கூடிவிட்டது. மாமா அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

கோடை நடுவில் ஒரு நாள் கூண்டுக்குள் இருக்கும் போன் அடித்தது. சின்னவள். எங்கிருந்து பேசுகிறாள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"அக்காவைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் சார். காத்து இப்ப நிக்குதா?"

"நிக்குது" என்றேன். பொய் இல்லை.

"நல்லது சார்" என்று வைத்துவிட்டாள்.

காத்தக்காவிடம் சொன்னேன். குந்தியிருந்தவள் தலை நிமிரவில்லை. நான் சொல்லி முடித்ததும் வால்வில் எச்சில் தொட்டு வைத்து, குமிழ் வருகிறதா என்று நேரம் எடுத்துப் பார்த்தாள். அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்ததும் நகர்ந்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கப் பெருக்குவதையும் துடைப்பதையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஆள் வைக்கட்டுமா என்று மேனேஜர் கேட்டபோதெல்லாம் எதற்கு என்றாள். மழை விட்டு, காலையில் புல்லில் ஈரம் தெரிய ஆரம்பித்த வாரம், அவளாகவே மேனேஜரைத் தேடிக் கூண்டுக்கு வந்தாள்.

"சார், முழங்கால் வலி தாங்கலை. பெருக்க ஒரு ஆள் போட்டுக் குடுங்க."

மேனேஜர் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு வெளியே, பனி இறங்கத் தொடங்கிய சாலையைப் பார்த்தார். "நீயே பாத்து ஒருத்தியைச் சொல்லு" என்றார்.

வேலை கேட்டு மூன்று பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் திடகாத்திரமானவள். புருஷன் தெரு முனையில் சைக்கிளோடு காத்திருந்தான். காத்தக்கா அவளை அனுப்பிவிட்டாள். அடுத்தவளுடைய அண்ணன் டாக்சி ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் அவளையும் அனுப்பினாள். கடைசியாக வந்தவள் ஒல்லியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புருஷன்?"

"இல்லக்கா. விட்டுட்டுப் போயிட்டாரு."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்லக்கா."

"எங்கே தங்கறே?"

அவள் குனிந்து கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"சரி, என் கூட இருந்துக்க. அறை இருக்கு" என்றாள் காத்தக்கா. அவள் குரல் நிஜமாகவே கனிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. காத்தக்கா அவள் முதுகில் கை வைத்து மெஷினருகே கூட்டிப் போய், வாளியிலிருந்த துணியைப் பிழிந்து கொடுத்தாள்.

"காலையில எழுந்ததும் முதல் வேலை, இந்த மெஷினைத் தொடைக்கிறது. ஸ்டாண்டுக்கு வண்டிங்க வந்து நிக்கிற நேரத்துக்குத் தொடை. எல்லாரும் பாக்கற மாதிரி தொடை."

"சரிக்கா" என்று அவள் மீட்டர் கண்ணாடியில் துணியை வைத்தாள்.